ஊசியைப் பார்த்துக் கேட்ட காலம்

சினிமாவுக்கு வந்து கஷ்டப்பட்டவர்கள் எல்லோரும் பட்டினி கிடந்த கதையைத்தான் சொல்வார்கள். நான் பட்டினி கிடக்கவில்லை. டப்பிங் நடக்கும் நாள்களில் காலையில் பொங்கல் வடை, மதியம் சாப்பாடு, நடுநடுவே டீ என்று கம்பெனி செலவில் வந்துகொண்டே இருக்கும். எனக்குக் கிடைக்காமல் போனது படுக்க ஓர் இடம். அது கிடைக்காததால் போனது என் இடது காது. சவுண்டு இன்ஜினியராக வேண்டும் என்று ஊரைவிட்டு வந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை யாராலும் யோசித்துக் கொடுத்திருக்க முடியாது.

மதுரைக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர் எனக்கு. அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்தேன். ஆழ்வார்பேட்டையில் ஒரு டப்பிங் தியேட்டரில் அசிஸ்டென்டாகச் சேர்த்துக்கொண்டார்கள். சாலிடரிங் தெரியும், சம்பளம் எப்போது என்று கேட்க மாட்டான் என்ற இரண்டு தகுதிகளும் எனக்கு இருந்தன. அங்கே இன்ஜினியர் சார் ஒருவர். வெற்றிலை போடுவார், அதிகம் பேச மாட்டார். நான் வந்து சேர்ந்த அன்று கன்சோலைக் காட்டி, “இதுல கைய வைக்காத. கைய வைக்கிற நாள் வரும்போது நானே சொல்றேன்” என்றார். அவ்வளவுதான் இன்டர்வியூ.

அப்போதெல்லாம் படப்பிடிப்பில் பதிவாகும் குரல் எதற்கும் உதவாது. நடிகர்கள் பிறகு தியேட்டருக்கு வந்து, திரையில் தங்கள் உதட்டைத் தாங்களே பார்த்து மறுபடியும் பேச வேண்டும். மைக்கை அவரவர் உயரத்துக்கு ஏற்றி இறக்குவது, ஹெட்போனை மாட்டிவிடுவது, அதில் சத்தம் சரியாக வருகிறதா என்று முதலில் நான் போட்டுப் பார்ப்பது, பேசும்போது மீட்டரில் ஊசி சிவப்புக்குப் போகாமல் கவனிப்பது, இவைதான் என் வேலை. ஹெட்போன் ஒன்றே ஒன்று. கதாநாயகி மாட்டியதை வில்லன் மாட்டுவார், அவர் கழற்றியதை நான் மாட்டுவேன். அதன் கறுப்புப் பஞ்சு எப்போதும் யாரோ ஒருவரின் வியர்வையில் நனைந்திருக்கும், பிய்ந்து பிய்ந்து காதில் ஒட்டும்.

முதலில் ஆதம்பாக்கத்தில் ஒரு மொட்டைமாடி ஷெட்டில் இருந்தேன். மேலே கல்நார் ஓடு. மழைக்காலத்தில் பாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதை விட்டுவிட்டு மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டின் முன்னறைக்கு மாறினேன். ஒரு மாமி, பிரம்மச்சாரிகளுக்குக் கட்டில் வாடகைக்கு விட்டிருந்தார். உள்ளே அவர் பெண் யாருக்கோ பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள். சுத்தமான அறை, ஜன்னல் உண்டு, மின்விசிறி உண்டு. என் வாழ்க்கையில் அதுவரை நான் படுத்த இடங்களில் அதுதான் சொர்க்கம். ஆனால் ஒன்பது மணிக்கு வாசல் கதவு சாத்தப்படும். டப்பிங்கோ நடிகர் எப்போது வருகிறாரோ அப்போது தொடங்கி, அவருக்கு எப்போது தொண்டை கட்டுகிறதோ அப்போது முடியும். ஒரு மாதம் மாமி பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் காலையில் காபியைக் கையில் கொடுத்துவிட்டே சொன்னார்:

“கோச்சுக்காதேப்பா. ஒன்பது மணிக்கு மேல கதவைத் திறந்து வச்சுண்டு உக்கார்ற வழக்கம் எங்காத்துல கிடையாது. உன் வேலை அப்படி, நான் என்ன பண்ணுவேன்? வேற எடம் பாத்துண்டுடு.”

அவரைக் குறை சொல்ல முடியாது. அன்று முழுக்கக் குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தேன், அது வேறு விஷயம்.

அதன் பிறகு தியேட்டரிலேயே, மெஷின் ரூமில் படுத்துக்கொண்டேன். இன்ஜினியர் சாருக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்துவிட்டார். டேப் கெட்டுப்போகாமல் இருக்க அந்த அறையில் ஏசி நிற்காமல் ஓடும். மனிதனுக்காக வைத்த குளிர் அல்ல அது. தரையில் ஒரு பழைய ஜமுக்காளம், அதன் மேல் நான். வெளியே ஈரமும் புழுக்கமும், உள்ளே குளிர், இரண்டுக்கும் நடுவே அந்த ஹெட்போன். மூன்று மாதத்தில் இடது காது அரிக்கத் தொடங்கியது, பிறகு ஒழுகத் தொடங்கியது.

அரசு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று காட்டினேன். இளம் வயது லேடி டாக்டர். காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

“காளான் பூத்திருக்கு. ஹெட்போன் மாதிரி எதுவும் மாட்டுவீங்களா?”

“அதான் மேடம் வேலை.”

“ஆறு வாரத்துக்கு அதைத் தொடக் கூடாது. ஏசி வேண்டாம். தலைக்கு ஊத்தாதீங்க. வீட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க.”

சொட்டு மருந்தை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்று சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. ஹெட்போனைத் தொட மாட்டேன் என்று சொன்னால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் மெஷின் ரூம் இல்லை. காது சரியில்லை என்று ஒரு வார்த்தை வெளியே வந்தால் எந்தத் தியேட்டரிலும் என்னை வாசற்படி ஏற்ற மாட்டார்கள். கண் தெரியாதவனை டிரைவராக வைத்துக்கொள்வார்களா? ஆக, யாருக்கும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். இன்றைக்கு யோசித்தாலும் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைத்தால் வாட்ச்மேனுக்குத் தெரிந்துவிட்டது. அடையாறு ஆற்றோரக் குடிசையிலிருந்து வருகிறவர். என் தலையணை உறையைப் பார்த்திருக்கிறார்.

“இன்னா நைனா, காதுல சீழ் வச்சிகீது, நீ பாட்டுக்கு வேல செஞ்சிக்கினே கீற? என் பையனுக்கும் இப்டித்தான் வந்துச்சு. பூண்டு போட்டு எண்ணெ காச்சி வுட்டோம், ரெண்டே நாள்ல பறந்துச்சு.”

மறுநாள் அவர் மனைவி காய்ச்சிய எண்ணெயை ஒரு சின்ன பாட்டிலில் கொண்டுவந்தார். சென்னைக்கு வந்து அத்தனை நாளில் எனக்காக ஒருத்தர் அடுப்பு மூட்டியது அதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? என் தலையைத் தன் மடியில் சாய்த்து அவரே ஊற்றினார். உள்ளே ஏற்கெனவே செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எண்ணெய் இறங்கிய இடத்தில் தீ வைத்ததுபோல் இருந்தது. ஒரு வாரம் காய்ச்சல். எழுந்து நின்றால் அறை சுற்றியது. அந்த வாரம் டப்பிங் இல்லாததால் தப்பித்தேன்.

மறுபடியும் அதே டாக்டரிடம் போனபோது அவர் திட்டக்கூட இல்லை. இரும்புக் கவை ஒன்றைத் தட்டி இடது காதருகே பிடித்தார். அதன் முனை அதிர்வது ஓரக்கண்ணில் தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. வலது காதில்தான் எங்கோ தூரத்தில் கேட்டது.

“உள்காது வரைக்கும் போயிடுச்சுங்க. இந்தப் பக்கம் இனிமே வராது. இருக்கிற காதையாவது பார்த்துக்குங்க” என்றார்.

வாட்ச்மேனிடம் சரியாகிவிட்டது என்று சொன்னேன். பார்த்தியா, நான் சொல்லல என்று அவர் முதுகில் தட்டினார்.

ஒரு காது போனால் பாதிச் சத்தம் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போனது சத்தம் இல்லை, திசை. உலகம் முழுக்க எனக்கு வலப்பக்கத்திலிருந்து கேட்டது. யாராவது கூப்பிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாது. தி.நகரில் உஸ்மான் ரோட்டைத் தாண்டும்போது பஸ் ஹார்ன் கேட்டு நான் ஒதுங்கிய பக்கத்தில்தான் பஸ் வந்துகொண்டிருந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, “சாவுகிராக்கி! வூட்ல சொல்லிக்கினு வந்தியா?” என்றார். சொல்லிவிட்டு வர வீடு எங்கே இருக்கிறது என்று கத்தலாம்போல் ஆத்திரம் வந்தது. கத்தாமல் ஓடிப்போய் பிளாட்பாரத்தில் ஏறிக்கொண்டேன்.

ஆனால் தியேட்டருக்குள் நான் பிழைத்துக்கொண்டேன். அங்கே எல்லாம் மோனோ. திரைக்குப் பின்னால் ஒரே ஸ்பீக்கர், சத்தம் வருவது ஒரே இடத்திலிருந்து. அதைக் கேட்க ஒரு காது தாராளம். நம்பிக்கை குறைந்த இடத்தில் மீட்டரைப் பார்த்துக்கொள்வேன். காலையில் முதல் வேலையாக எல்லா மெஷினுக்கும் ஒரே சுருதியில் ஊ என்று ஒரு டோன் கொடுத்து ஊசியைக் கோட்டில் நிறுத்த வேண்டும். மற்ற அசிஸ்டென்டுகள் காதால் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், நான் ஊசி கோட்டில் நிற்கிற வரை விட மாட்டேன். எந்த நடிகர் கத்தும்போது ஊசி எவ்வளவு துள்ளும், அழும்போது எங்கே நடுங்கும் என்பதெல்லாம் எனக்குப் பார்த்தே மனப்பாடம். ஒரு முறை இன்ஜினியர் சார் ஒரு டைரக்டரிடம், “இவன் லெவல்ல குறை சொல்ல முடியாது சார்” என்றார். அன்று கன்சோலில் கை வைக்கவும் சொன்னார். சந்தோஷப்பட வேண்டியவன் கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. பிறகு ஸ்டீரியோ வந்தது. எங்கள் முதலாளியும் டப்பிங்கோடு மிக்ஸிங்கும் செய்வோம் என்று கடன் வாங்கிப் புது கன்சோல், இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்று நடுவில் ஒன்று என்று ஸ்பீக்கர்கள், எல்லாம் இறக்கினார். ஊரே கொண்டாடியது. பெட்டிகளைப் பிரித்து வைக்கும்போதே என் கண் மீட்டரைத்தான் தேடியது. அந்தக் கன்சோலில் இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனி மீட்டர் இருந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. இரண்டு ஊசி இருக்கிறது, பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. அன்று எங்கள் தொழிலில் எந்த மெஷினும் ஓடாது. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, பொட்டு வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைத்துவிட்டு, மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரத்தில் மறுபடி ஓட்ட வேண்டும். கழற்றுவதும் மாட்டுவதும் என் பொறுப்பு. புது கன்சோலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வயராக உருவி, துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். எந்த வயர் எங்கே என்று எழுதி ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் மேலேயே பக்தியோடு சந்தனத்தை அப்பியிருக்கிறேன். காலையில் மாட்டும்போது ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயர்களை இடம் வலம் மாற்றிச் செருகிவிட்டேன்.

இது பெரிய தப்பே இல்லை. எல்லா அசிஸ்டென்டும் வருடத்துக்கு ஒரு தடவை செய்கிற தப்பு. மாட்டியதும் ஒரு பாட்டை ஓடவிட்டு நடுவில் நின்று கேட்டால் யாருக்கும் தெரிந்துவிடும், சிரித்துக்கொண்டே மாற்றிச் செருகிவிடுவார்கள். நானும் ஓடவிட்டேன். மீட்டரைப் பார்த்தேன். இடது ஊசியும் துள்ளியது, வலது ஊசியும் துள்ளியது. ஆனால் மீட்டர் கன்சோலில் இருக்கிறது. வயர் மாறியது அதைத் தாண்டி, ஸ்பீக்கருக்குப் போகிற வழியில். அதைச் சொல்ல எந்த ஊசியாலும் ஆகாது.

அன்றுதான் எங்கள் முதல் ஸ்டீரியோ மிக்ஸிங். தயாரிப்பாளர், டைரக்டர், முதலாளி எல்லோரும் நெற்றியில் பொட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். திரையில் ஒரு புல்லட் பைக் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் போகும். சத்தமும் அதோடு சேர்ந்து போக வேண்டும், அதைக் காட்டத்தான் அந்தக் காட்சியை முதலில் எடுத்தார்கள். இன்ஜினியர் சார் நடு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, கன்சோலில் என்னை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். வண்டி போய் முடிந்தது.

“எப்படிப்பா இருக்கு?” என்று சார் கேட்டார்.

நான் ஊசிகளைப் பார்த்திருந்தேன். முதலில் இடது ஊசி எழுந்து, அது விழ விழ வலது ஊசி எழுந்தது. அழகாக இருந்தது.

“சூப்பரா இருக்கு சார். லெஃப்ட்லேர்ந்து ரைட்டுக்குக் கரெக்டா போகுது.”

தயாரிப்பாளர் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் என்னைப் பார்த்தார்.

“மறுபடி போடு” என்றார் சார். போட்டேன். “இப்ப?”

“கரெக்டா இருக்கு சார்.”

“கண்ண மூடிக்கிட்டுக் கேளு.”

கண்ணை மூடினேன். ஊசி போய்விட்டது. புல்லட் வலப்பக்கத்திலேயே நின்று உறுமிவிட்டு அடங்கியது. என்ன நடந்துவிட்டது என்று தெரியவில்லை, ஏதோ நடந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தது. பிறகு என் இடது கன்னத்தில் சூடாக மூச்சுப் பட்டது. வெற்றிலை வாசனை வந்தது. கண்ணைத் திறந்தபோது சார் என் இடது காதுக்குள் ஏதோ சொல்லி முடித்துவிட்டு, நிமிர்ந்து என் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“எத்தனை நாளா?” என்று இந்தப் பக்கம் வந்து கேட்டார்.

“ரெண்டு வருஷமா சார்.”

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கன்சோலுக்குப் பின்னால் குனிந்து வயர்களை அவரே மாற்றிச் செருகினார். “வயர் மாறிப்போச்சு சார், பூஜை பண்ணதுல” என்று தயாரிப்பாளரிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என்னை வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். “இனிமே இது ரெண்டு காதுக்காரன் வேலைடா தம்பி. நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர் டீயை அவர் மேலேயே ஊற்ற வேண்டும்போல் இருந்தது. அந்த ஹெட்போனை வாங்கிப்போட்டது யார்? அதற்கு ஒரு புதுப் பஞ்சு வாங்க இவர்களுக்கு மனசு வரவில்லை, கடன் வாங்கி ஸ்பீக்கர் வாங்கினார்கள். இதையெல்லாம் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு, மெஷின் ரூமிலிருந்து என் பையையும் ஜமுக்காளத்தையும் எடுத்துக்கொண்டேன்.

போகும்போது அவர்தான் எஃபெக்ட்ஸ் ஆட்களிடம் சொல்லிவிட்டார். படத்தில் வரும் காலடி, வளையல், கதவு, அடி உதை எல்லாவற்றையும் திரையைப் பார்த்துக் கையாலும் காலாலும் செய்து பதிகிறவர்கள். அதற்கு ஒரு மைக் போதும், இடம் வலம் கிடையாது. சத்தத்தை நாங்கள் செய்துகொடுப்போம், எந்தப் பக்கம் வைப்பது என்பதை வேறு யாரோ முடிவு செய்வார்கள். அவர்களோடு கொட்டிவாக்கத்தில் ஓர் அறையில் ஐந்து பேராகத் தங்கினேன். கதாநாயகர்களுக்காக நடந்தேன், கதாநாயகிகளுக்காகக் கொலுசு போட்டு ஓடினேன். கன்சோல் இருக்கும் அறைக்குள் அதன் பிறகு நான் போகவில்லை. யாராவது டீ கொண்டுபோகச் சொன்னாலும் போக மாட்டேன்.

தொண்ணூறுகள் முடியப்போகும் சமயத்தில் அம்மா ஊரிலிருந்து வந்தாள். மகன் சினிமாவில் சவுண்டு இன்ஜினியர் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். காது விஷயம் அவளுக்குத் தெரியாது. எப்படிச் சொல்வது? பிள்ளைக்கு எண்ணெய் ஊற்ற ஆள் இல்லாமல் இருந்ததே என்றுதான் அழுவாள். நான் வேலை செய்த படம் ஒன்று மவுண்ட் ரோட்டில் புது சவுண்டு போட்ட தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டிப்போனேன். பேச்சுக் கேட்க வேண்டும் என்று அவளை வலப்பக்கம் உட்காரவைத்துக்கொண்டேன்.

இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி. கதாநாயகி வீட்டில் தனியாக இருக்கிறாள். எங்கும் அமைதி. திடீரென்று யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அந்தத் தட்டலைச் செய்தது நான். தேக்குப் பலகை ஒன்றைத் தேடிப்பிடித்து, விரல் முட்டி சிவக்கச் சிவக்கத் தட்டியது. அது சுவரில் வைத்த ஸ்பீக்கரிலிருந்து பக்கவாட்டில் கேட்டது. தியேட்டரில் அத்தனை பேரும் திடுக்கிட்டுத் தலையைத் திருப்பினார்கள். நானும் திரும்பினேன். வரிசை முழுவதும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் வலப்பக்கம் திரும்பி அம்மாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்திருந்தேன்.

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“என்னைய எதுக்குப்பா பாக்குற? கதவ அங்கிட்டுல்ல தட்டுறாங்க.”